கைப்பிடிச்சுவர் கட்டினீர்களா?





பெங்களூரிலும் புனேயிலும் அடுக்குமாடி வீடுகளில் வளரும் நம் பிள்ளைகளுக்கு ஓடும் ஆற்றைக் காண்பதே அரிதாகிவிட்டது. ஆகவே பள்ளி விடுமுறையில் வடகன்னட மாவட்டத்திலுள்ள தாண்டேலி, கணேஷ்குடி பகுதிகளுக்குச் சென்று, காளி நதியில் 'கயாக்' எனப்படும் சிறு துடுப்புப் படகில் குடும்பமாய் மகிழ்ந்து வருவோர் நம் சபைகளிலும் உண்டு. இது தவறல்ல. தேவன் படைத்த நதியையும் வனத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டுவது பெற்றோரின் பாக்கியமே. ஆனால், அதற்கு முன் ஒரு காரியத்தை உங்களிடம் அறிக்கையிட விரும்புகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் அதே நதிக்கு என் குடும்பத்தாரும் சென்றோம். என் இளைய மகனுக்கு அப்போது ஆறு வயது. அவன் அளவுக்கு லைஃப் ஜாக்கெட் அங்கே இல்லை, பெரியவர்களுடையதையே மாட்டிவிட்டார்கள். என் மனைவி தயங்கினாள். "ஜெபித்துத்தானே வந்தோம், கர்த்தர் காப்பார்" என்று நான் அவள் வாயை அடைத்தேன். கரையிலிருந்து சற்றுத் தொலைவில் படகு சாய்ந்தது. மகன் நீரில் விழுந்தான். ஜாக்கெட் மிதந்தது, அவனோ அதற்குள்ளிருந்து கீழே நழுவினான். அருகிலிருந்த படகோட்டி அவன் கையைப் பற்றி இழுத்துக் கரைசேர்த்தார்.

அடுத்த ஞாயிறு ஆராதனையில் எழுந்து நின்று சாட்சி சொன்னேன். சபையார் ஸ்தோத்திரம் செலுத்தினார்கள். மகனைக் கர்த்தர் காத்ததைச் சொன்னேன். அவனை ஆபத்தில் நிறுத்தியவன் நானே என்பதைச் சொல்லவில்லை. பாதிச் சாட்சி சொன்ன அந்தப் பாரம் இன்னும் என் உள்ளத்தில் இருக்கிறது.

உபாகமம் 22:8-ஐ வாசித்துப் பாருங்கள். புது வீடு கட்டுகிறவன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் கட்டவேண்டும் என்று கர்த்தர் கட்டளையிட்டார். கட்டாமல் விட்டு ஒருவன் விழுந்தால், அந்தப் பழி வீட்டுக்காரன்மேல் வரும். காக்கிற தேவனே சுவரையும் கட்டச் சொல்கிறார். அப்போஸ்தலர் 27-ஆம் அதிகாரத்தில், கப்பலிலிருந்த 276 பேரில் ஒருவரும் சாகமாட்டார்கள் என்ற வாக்குத்தத்தம் பவுலுக்குக் கிடைத்தது. ஆயினும் கப்பலாட்கள் தப்பியோடப் பார்த்தபோது, அவர்கள் இல்லாமல் பிழைக்க முடியாதென்று நூற்றுக்கு அதிபதியை அவன் எச்சரித்தான். விசுவாசம் எச்சரிப்பைத் தள்ளிவிடவில்லை. தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதிக்கும்படி சொன்னவன் யார் என்பதையும் மறவாதிருங்கள்.

2024 ஜனவரி 18 அன்று வதோதராவின் ஹர்ணி ஏரியில் பள்ளிச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 12 மாணவர்களும் 2 ஆசிரியைகளும் மரித்தார்கள். படகில் அளவுக்கு மிஞ்சிய கூட்டம். பலருக்கு லைஃப் ஜாக்கெட் இல்லை. அந்த வீடுகளின் கண்ணீரை நினைத்து, நாம் கட்டவேண்டிய கைப்பிடிச்சுவர் எதுவென்று பார்ப்போம்.

முதலாவது, லைஃப் ஜாக்கெட். பிள்ளையின் எடைக்கு ஏற்றதாயிருக்க வேண்டும். எல்லாப் பட்டைகளையும் இறுக்கியபின் தோள்பக்கத்தைப் பிடித்து மேலே தூக்குங்கள். அது பிள்ளையின் முகவாய்க்கும் காதுக்கும் ஏறினால் பெரிது என்று அர்த்தம். சிறு பிள்ளைகளுக்குக் கால்களின் இடையே செல்லும் பட்டையும் அவசியம். காற்றடைத்த வளையங்கள் இதற்கு ஈடாகா. சரியான அளவு கிடைக்காவிட்டால் கரையிலே அமர்ந்து நதியைப் பார்த்துத் திரும்புங்கள். கட்டிய பணம் போனால் போகட்டும்.

இரண்டாவது, நதியை விசாரியுங்கள். கணேஷ்குடிக்கு மேலே சூபா அணை இருக்கிறது. மின் உற்பத்திக்காக நீர் திறக்கப்படும்போது, வானம் தெளிவாயிருந்தாலும் ஆறு பெருகி வேகமெடுக்கும். "இன்று எப்போது நீர் திறப்பார்கள்?" என்று கேட்காமல் இறங்காதீர்கள். பிள்ளைகளோடு பாறைகளினிடையே பாயும் பகுதிக்குப் போகாமல், நீர் அமைதியாயிருக்கும் பகுதியை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். தென்மேற்குப் பருவமழைக் காலத்தைத் தவிருங்கள். இடிமுழக்கம் கேட்டால் உடனே கரையேறுங்கள்.

மூன்றாவது, ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர். இருவர் அமரும் திறந்த கயாக்கில் பிள்ளை முன்னும், துடுப்பு வலிக்கத் தெரிந்த பெரியவர் பின்னும் அமரட்டும். கவிழ்ந்தால் படகைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஓட்டம் இழுத்தால் எழுந்து நிற்க முயலாமல், மல்லாந்து கால்களை முன்னே நீட்டி மிதக்க வேண்டும். இவற்றைக் கரையிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிப் பழக்குங்கள். பிள்ளை பயந்து அழுதால் அவிசுவாசம் என்று கடிந்துகொள்ளாமல் திரும்பிவிடுங்கள்.

சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. அடக்கமான ஆடை வேண்டும் என்பது நம் சாட்சி. எனினும் நீரில் சேலை கால்களைச் சுற்றிக்கொள்ளும். துப்பட்டா எதிலாவது சிக்கும். தளர்வான சல்வார் கமீஸ் அணிந்து, துப்பட்டாவைக் கரையில் வைத்து, மேலே லைஃப் ஜாக்கெட்டைக் கட்டிக்கொண்டால் அடக்கமும் உண்டு, பாதுகாப்பும் உண்டு. பயணத்தைச் சனிக்கிழமையிலோ விடுமுறை நாளிலோ வைத்துக்கொண்டால் ஞாயிறு ஆராதனையும் தவறாது.

பிரியமானவர்களே, புறப்படுமுன் குடும்பமாய் முழங்கால்படியிட்டு ஜெபியுங்கள். எழுந்தபின் ஒவ்வொரு பட்டையையும் உங்கள் கையால் இழுத்துப் பாருங்கள். மனைவி தயங்கினால் வசனம் சொல்லி அவள் வாயை அடைக்காதீர்கள். அந்தத் தயக்கத்தின் மூலமாய்க் கர்த்தர் பேசியிருக்கக்கூடும் என்பதை நான் மிகத் தாமதமாகக் கற்றுக்கொண்டேன்.

கர்த்தர் தாமே உங்கள் போக்கையும் வரத்தையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.