அழிவது பூச்சியா, ஆளா?

சோறு போடும் தெய்வம் என்று உழவனை மேடைதோறும் புகழ்கிறார்கள். அந்தத் தெய்வத்தின் இரண்டு ஏக்கர் கழனியிலே, கதிர் வாங்கும் நேரத்தில் திட்டுத் திட்டாகப் பயிர் கருகுகிறது. நெருப்பு வைத்தவன் எவனும் இல்லை, நெல் மட்டும் தீய்ந்து கிடக்கிறது. புகையான் என்று அதற்குப் பெயர். தூர்க்கட்டிலே கூட்டங் கூட்டமாக ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும் சின்னஞ்சிறு தத்துப்பூச்சி! வட்டிக்கு வாங்கி நட்டவன் வயிறும் சேர்ந்தே எரிகிறது.

என்செய்வான் அவன்? ஓடுகிறான் மருந்துக் கடைக்கு. அங்கே நோய் இன்னதென்று சொல்பவன் கடைக்காரன், மருந்து இன்னதென்று சொல்பவனும் அவன், விற்பவனும் அவன், கடன் கணக்கு எழுதுபவனும் அவனே! மருத்துவனும் வணிகனும் ஒரே ஆளாகிவிட்டால் நோயாளி பிழைப்பது எப்படி?

மருந்தடித்தால் பூச்சி சாகாதா என்று கேட்பீர்கள். சில சாகும். பல சாகா. பூச்சி இருப்பது அடித்தூரில்; மருந்து விழுவதோ மேல் இலையில். முட்டைகள் இலையுறைக்குள்ளே பத்திரமாக இருக்கின்றன. ஆனால் அந்தப் பூச்சியைத் தின்று வாழும் சிலந்தியும் நாவாய்ப் பூச்சியும் முதல் தெளிப்பிலேயே மடிகின்றன. பிறகு முட்டை பொரிகிறது, தடுக்க ஆளில்லை, முன்னிலும் பெருகுகிறது பகைக்கூட்டம். சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற மருந்துகள் புகையானைப் பெருக்கிவிடும் என்று வேளாண் அறிஞர்கள் பல்லாண்டுகளாக எச்சரிக்கிறார்கள். காவற்காரனைக் கொன்றுவிட்டுக் கள்ளனுக்குக் கதவு திறப்பதற்கு நாமே காசும் கொடுக்கிறோம்!

காசோடு போகிறதா? இல்லை. முதுகிலே தெளிப்பான், இடுப்பிலே ஒரு துண்டு, காலிலே செருப்புமில்லை. காற்று திரும்பினால் நஞ்சு அவன் முகத்தில். அந்தக் கையைக் கழுவக்கூட நேரமின்றிக் கஞ்சி குடிக்கிறான் கூலியாள். 2017-ஆம் ஆண்டு மராட்டிய மாநிலம் யவத்மால் மாவட்டத்தில், பருத்திக்கு மருந்தடித்த உழவரும் கூலிகளுமாக 20 பேருக்கு மேல் மாண்டனர். பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது 1968-இல். அதன் விதிகள் வந்தது 1971-இல். மருந்தைக் கையாளுபவனுக்குப் பாதுகாப்பு உடை வேண்டும் என்று அந்த விதிகளிலே எழுதியிருக்கிறது. ஏட்டிலே கையுறை இருக்கிறது. ஏழையின் கையிலே இல்லை!

வழியே இல்லையா? உண்டு. வழிகாட்டிய நாடும் உண்டு. இந்தோனேசியாவில் மருந்து விலையின் பெரும்பகுதியை அரசே மானியமாகக் கொடுத்தது. கொடுக்கக் கொடுக்கப் புகையான் பெருகியது. விழித்துக்கொண்ட அரசு, 1986-இல் 57 வகை மருந்துகளை நெல்லுக்கு அடிக்கக் கூடாதென்று தடுத்தது. மானியத்தைப் படிப்படியாக நிறுத்தியது. 1989 முதல் வயலையே பள்ளியாக்கி உழவனுக்குப் பூச்சியின் வாழ்க்கையைக் கற்பித்தது. மருந்து குறைந்தது. நெல் குறைந்ததா? இல்லை!

நம் உழவனுக்கும் முடியாததல்ல இது. நடும்போதே 8 அடிக்கு 1 அடி பட்டம் விட்டால், தூருக்குக் காற்றும் வெளிச்சமும் போகும். யூரியாவை அள்ளிக் கொட்டாமல் பிரித்துப் பிரித்து இட்டால், பயிர் தளதளத்துப் பூச்சியை விருந்துக்கு அழைக்காது. தண்ணீரைத் தேக்கியே வைக்காமல், வடித்து வடித்துக் கட்ட வேண்டும். வரப்பில் நின்று பார்த்தால் போதாது. வயலில் இறங்கித் தூரை விரித்துப் பார்க்க வேண்டும். தூருக்கு ஒரு பூச்சி என்பது எல்லை. குத்துக்கு ஒரு சிலந்தி காவல் இருந்தால், தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம் என்கிறது வேளாண் பல்கலைக்கழகம். எல்லை மீறினால் மட்டுமே மருந்து. அதுவும் தண்ணீரை வடித்துவிட்டு, சொன்ன மருந்தைச் சொன்ன அளவில், அடித்தூர் நனைய.

மருந்தே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வேண்டாத மருந்து வேண்டாம் என்கிறோம். அரசை நாம் கேட்பது இரண்டே: கடைக்காரன் வாய்ச்சொல்லுக்கு முன்னே வேளாண் அலுவலரின் கால் வயலிலே படவேண்டும், கையுறையும் முகமூடியும் இல்லாமல் எந்தக் கூலியாளின் முதுகிலும் தெளிப்பான் ஏறக்கூடாது.

தோழர்களே! உங்கள் ஊர்ப் படிப்பகத்திலே மாலையில் இதைப் படித்துச் சொல்லுங்கள். காலையில் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு ஒரு வயலில் இறங்குங்கள். சிலந்தியை எண்ணுங்கள், பூச்சியை எண்ணுங்கள். எண்ணத் தெரிந்த உழவனை எவனும் ஏய்க்க முடியாது!