டொப் கியரில் பெற்றோல் மிச்சம் பிடிக்கும் வாப்பாமாருக்கு



போன செவ்வாய் பள்ளிக்கூடம் விட்டு மாவனல்லையிலிருந்து கடுகண்ணாவைக்குப் போய்க்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் உயர்தர வகுப்புப் பையன் ஒருவன், பழைய சிடி 100 ஒன்றில், பின்னால் கூட்டாளியையும் ஏற்றிக்கொண்டு போனான். ஏற்றத்தின் நடுவில் அவனுடைய பைக் குலுங்கிக் குலுங்கி அப்படியே நின்றுவிட்டது. பின்னால் வந்த பஸ் பிரேக் அடித்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அல்ஹம்துலில்லாஹ், ஒன்றும் ஆகவில்லை.

"எத்தினையாம் கியர்ல வந்த மகன்?"

"நாலுல சேர். கியரக் குறைச்சா பெற்றோல் குடிக்கும்னு வாப்பா சொன்ன."

அந்தப் புள்ளைக்கு நான் ஏசவில்லை. இந்தப் பதிவு வாப்பாமாருக்கு.

இந்தப் பழக்கம் நம்மிடம் எப்படி வேர்விட்டது என்று தெரியும். 2022இல் லீற்றர் 470 ரூபாய், கியூஆர் காட்டினால் பைக்குக்குக் கிழமைக்கு 4 லீற்றர். நானும்தான் சந்தைக்குள் 20இல் நாலாம் கியர் போட்டு, மனுசியையும் அரிசி மூட்டையையும் வைத்துக்கொண்டு கடகடவென்று ஊர்ந்தேன். கியூஆர் போய்விட்டது, பழக்கம் போகவில்லை.

சமதரையில், ஆள் குறைவாக, சீராக 45, 50இல் போகிறீர்களா? டொப் கியர்தான் சரி. அதில் எனக்குச் சண்டை இல்லை. ஏற்றத்திலும் சுமையிலும் சந்தை நெரிசலிலும் அதே கியரைப் பிடித்துத் தொங்குவதுதான் என் பிரச்சினை.

நம்முடைய பைக்குகள் நாலு ஸ்ட்ரோக். கிராங்க் இரண்டு தரம் சுற்றினால்தான் ஒரு தரம் வெடிக்கும். நிமிடத்துக்கு 1500 சுற்று என்றால் செக்கனுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று வெடிப்பு. அந்தப் பன்னிரண்டும் இரண்டு பேரை மலையில் தூக்க வேண்டும். அதே வேகத்தில் இரண்டாம் கியருக்கு இறக்கினால் சுற்று 3000 வரும், வெடிப்பு இருபத்தைந்தாகும், ஒவ்வொன்றுக்கும் பாரம் பாதி. கியர் சைக்கிள் ஓடுகிற பிள்ளையிடம் கேளுங்கள், ஏற்றத்தில் பெரிய கியர் போட்டால் எங்கே வலிக்கும் என்று. முழங்கால் என்று சொல்லும். எஞ்சினுக்கு முழங்கால் கொன்ரொட் பெயாரிங்.

நீங்கள் சொல்கிற பெற்றோல் மிச்சமும் அங்கே இல்லை. இழுக்கவில்லை என்று எக்சலேட்டரைத் திருகத் திருகப் பெற்றோல் கூடத்தான் இறங்கும். மிஞ்சினாலும் சில சொட்டு. பெயாரிங் போனால் எஞ்சினைப் பிரித்துக் கிராங்கையே இறக்க வேண்டும். கராஜ் பாஸிடம் கணக்குக் கேளுங்கள்.

"சத்தம் கூடினா எஞ்சின் கெட்டுப்போகும் சேர்" என்கிறார்கள். சிடி 100க்கு அதிகூடிய இழுவை வருவதே 4500 சுற்றளவில், யமஹா எஃப்இசட்டுக்கு 6000இல். 3500, 4000இல் அது கத்தவில்லை, வேலை செய்கிறது. (இரவு பத்து மணிக்கு இரண்டாம் கியரில் அலறவிட்டுத் திரிகிற தம்பிமாருக்கு இது பொருந்தாது. அவர்களை ஏச ஊரில் ஆள் இருக்கிறது.)

சுற்று காட்டும் மீற்றர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. எக்சலேட்டரைக் கொஞ்சம் திருகிப் பாருங்கள். பைக் வழுக்கிக்கொண்டு முன்னால் போகாமல் கால்மிதி நடுங்குகிறதா, செயின் அடிக்கிறதா? ஒரு கியர் இறக்குங்கள். ஏற்றம் தொடங்குவதற்கு முன்னாலேயே இறக்குங்கள், நின்றபிறகு அல்ல.

இறக்கத்தில் நியூட்ரல் போட்டு உருட்டுகிற நானாமார் இன்னும் மோசம். கடுகண்ணாவையிலிருந்து கீழே வரும்வரை பைக்கைப் பிடித்து நிறுத்துவது பிரேக் மட்டும்தான். ட்ரம் பிரேக் சூடேறினால் பிடிக்காது. இப்போது வருகிற எஃப்ஐ பைக்குகள் அனேகமானவற்றில், கியரில் இருந்து எக்சலேட்டரை விட்டு இறங்கும்போது பெற்றோல் தெளிப்பதே நிற்கும். நியூட்ரலில் போட்டால் எஞ்சின் அணையாமல் இருக்கப் பெற்றோல் வேண்டும். மிச்சம் பிடிக்கப் போய்ச் செலவழிக்கிறீர்கள்.

ட்ரயலுக்கு எட்டுப் போடப் பழக்கிய ஒருவரும் நமது பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. அதனால்தான் வீட்டில் வாப்பா சொன்னது வேதவாக்காகிவிட்டது.

மறுப்பவர்கள் கொமெண்டில் சண்டை பிடிக்க வேண்டாம். ஞாயிறு அஸருக்குப் பிறகு ஹிங்குலைக்கு பைக்கோடு வாருங்கள். நாலாம் கியரில் ஏற்றிக் காட்டுங்கள். நான் பின்னால் ஏறிக்கொள்கிறேன். என் எடை 84 கிலோ.