எல்லாமே அடம்தானா?

நம் சங்க விழாக்களில் ஒருவரையொருவர் பார்த்தவுடன், "என்ன இப்படி இளைத்துவிட்டாய்?" என்றோ "கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறாயே!" என்றோ விசாரிப்பது வழக்கம். அன்பினால் கேட்பதுதான். ஆனாலும் இந்த வழக்கத்தை நாம் விட்டுவிட வேண்டும் என்பது என் கருத்து.

சாப்பாட்டுக் கோளாறு வயதுக்கு வயது வேறு முகம் காட்டும் நோய். நாமோ எல்லாவற்றுக்கும் 'அடம்' என்று ஒரே பெயர் வைத்துவிடுகிறோம்.

3 வயதுக் குழந்தை காய்கறியை ஒதுக்கினால் பெரும்பாலும் நாளடைவில் சரியாகிவிடும். எடை கூடாமல் நின்றுபோனால்தான் கவலைப்பட வேண்டும். மண்ணும் சாக்பீஸும் தின்னும் பிள்ளைக்கு இரும்புச் சத்துக் குறைவு இருக்கலாம். அதற்கு வேண்டியது இரத்தப் பரிசோதனை, அடி அல்ல.

பதின்பருவம்தான் ஆபத்தானது. 'அனோரெக்ஸியா நெர்வோசா' பெரும்பாலும் அப்போதுதான் தொடங்குகிறது. எலும்பும் தோலுமான பின்னும் 'நான் குண்டு' என்றே மனம் நம்பும். மாதவிலக்கு நின்றுபோகலாம், இதயம் தளரலாம். மனநோய்களில் உயிரிழப்பு மிக அதிகமுள்ளவற்றில் இதுவும் ஒன்று. பையன்களுக்கும் வரும். 1979-இல் டாக்டர் ஜெரால்டு ரஸ்ஸல் விவரித்த 'புலிமியா' இன்னும் ஒளிந்திருப்பது: அள்ளி விழுங்கிவிட்டு, யாருக்கும் தெரியாமல் வாந்தி எடுப்பார்கள். எடை குறையாததால் வீட்டில் சந்தேகம் வராது. விடுதியில் இருக்கும் பிள்ளையென்றால் கேட்கவே வேண்டாம். பெண் "இன்று விரதம்" என்றால் நாம் மெச்சிக்கொள்கிறோம். வாரத்தில் எத்தனை விரதம் என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

நடுவயதிலும் இது உண்டு. எல்லோரும் தூங்கிய பின், வயிறு நிறைந்தும் நிறுத்த முடியாமல் சாப்பிட்டு, பிறகு வெட்கத்தில் குமைபவர்கள் இருக்கிறார்கள். இதை 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் கையேட்டில் தனி நோயாகவே சேர்த்தது. "நாக்கை அடக்கத் தெரியாதா?" என்று ஏசினால் வெட்கம்தான் கூடும்.

ஊரிலிருந்து நாம் அழைத்து வந்த பெற்றோரின் நிலை வேறு. இந்தி தெரியாது, பேச்சுத் துணை கிடையாது, பகலெல்லாம் பூட்டிய ஃபிளாட். "பசியில்லை" என்று தட்டை நகர்த்தினால், "வயதானால் அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம். பல் செட் பொருந்தாமை, மாத்திரையால் ருசி கெடுதல், மனச்சோர்வு என எதுவும் காரணமாகலாம். காரணம் தெரிந்தால் பெரும்பாலும் வழியும் உண்டு. பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து சாப்பிட ஓர் ஆள் இருந்தாலே இரண்டு கவளம் கூடுதலாக இறங்கும்.

ஆகவே அன்பர்களுக்கு என் வேண்டுகோள் இவை. உடம்பைப் பற்றி விமர்சிக்காதீர்கள். தினமும் ஒரு வேளையாவது குடும்பத்தோடு சாப்பிடுங்கள். சந்தேகம் எழுந்தால் தயங்காமல் மருத்துவரிடம் போங்கள். 2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் உதவி எண் 14416-இல் தமிழிலும் பேசலாம். சங்க நிர்வாகிகளும் அடுத்த பொங்கல் விழாவில் ஒரு மனநல மருத்துவர் பேச அரை மணி நேரம் ஒதுக்கலாமே! பட்டிமன்றம் அரை மணி குறைந்தால் குடி முழுகிவிடாது.