கல்லின் மொழியும் ஊரின் மொழியும்

பெங்களூரு வட்டாரத்துக் கல்வெட்டுகளைச் சான்றாகக் கொண்டு எழுதப்படும் கட்டுரைகளில், கல்லில் உள்ள மொழியைப் பேசியோரே அவ்வூரின் ஆதிக்குடிகள் என்னும் முடிவு அடிக்கடி ஓசையின்றி நுழைந்துவிடுகிறது. ஒரு தரப்பார் பேகூர்க் கன்னடக் கல்லைக் காட்டுவர். மறு தரப்பார் தொம்மலூர்த் தமிழ்க் கல்லைக் காட்டுவர். இருவருக்கும் வழக்குதான் வேறு, பிழையான முறை ஒன்றே.

தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயிலில் 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. அவற்றில் பேசப்படும் மன்னன் வீர ராமநாதன் போசளன். அவனது குலம் கன்னட நாட்டில் தோன்றியது, அவனது ஆட்சியோ திருவரங்கத்தை அடுத்த கண்ணனூரிலிருந்து நடந்தது. அக்கோயில் கல்வெட்டுகள் ஊரைத் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் அழைக்கின்றன. ‘தேசி’ என்பது தொலைதூர வணிகக் குழுவைச் சுட்டும் சொல், ‘பட்டணம்’ சந்தை கூடும் ஊர். ஆகவே கல்லின் தமிழ் அரசனின் ஆவண மொழியா, வணிகரின் மொழியா, கோயில் எழுத்தரின் பழக்கமா, வயலில் உழுதவரின் பேச்சா என்பதைக் கல் தானாகச் சொல்லாது. கல்வெட்டு என்பது ஒரு கொடையையோ தீர்மானத்தையோ நிலைநிறுத்தும் ஆவணம். அது குடிக்கணக்கு அன்று.

ஊர்ப்பெயரைப் படிப்பதிலேயே ஆய்வாளரின் கை கலந்திருக்கிறது. அக்காலத் தமிழ் எழுத்தில் ஒகர, ஓகார வேறுபாடு காட்டப்படவில்லை, புள்ளியும் பெரும்பாலும் இடப்படவில்லை. இவ்வூர்ப் பெயரின் முதலெழுத்தைத் ‘தொ’ என்பதா ‘தோ’ என்பதா என்று தீர்மானிப்பவர் பதிப்பாசிரியர். அவர் தேர்ந்ததைக் கல்லே எழுதியதாகக் கொண்டு, அதன்மேல் சொற்பிறப்பு விளக்கம் எழுப்புவோர் உண்டு.

பேகூர்க் கல்லின் நிலை இன்னும் நுட்பமானது. பெங்களூருப் போரில் மாண்டவனைக் குறிக்கும் அந்த நடுகல்லுக்கு ஏறக்குறைய பொ.ஆ. 890 என்னும் காலம், எழுத்தமைதியையும் கங்கர் வரலாற்றையும் கொண்டு கணிக்கப்பட்டது. போசள வீர பல்லாளன் வெந்த பயறு உண்டதால் ஊருக்குப் பெயர் வந்தது என்னும் கதையை வீழ்த்த அது போதும், அவன் காலம் அதற்கு மூன்று நூற்றாண்டு பிந்தியது. ஆனால் 1537இல் கெம்பே கவுடர் எழுப்பியதாகச் சொல்லப்படும் நகரம் அதே இடத்தில்தான் நின்றது என்பதற்கு அது சான்றாகாது. கொடிகேஹள்ளியை ஒட்டி ஹளே பெங்களூரு, அதாவது பழைய பெங்களூரு, என்றே ஓர் ஊர் இருந்திருக்கிறது.

தனிக்கல்லை நம்பாமல், நொபொரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் சோழர் கல்வெட்டுகளில் வரும் பெயர்களையும் பட்டங்களையும் தொகுத்து எண்ணியது இச்சிக்கலுக்கு ஒரு நல்ல விடை. எனினும் எண்ணத் தகுந்தவை எஞ்சிய கற்கள் மட்டுமே; கோயிற்சுவர் எஞ்சும், ஏரிக்கரைக் கல் எளிதில் அழியும். மேலும், பி. எல். ரைஸ் 1905இல் வெளியிட்ட பெங்களூரு மாவட்டத் தொகுதி, கற்களைப் பிற்கால வட்டங்களின்படி அடுக்கியதால், ஒரே பழைய நாட்டுப் பிரிவின் சான்றுகள் பல பக்கங்களில் சிதறிக் கிடக்கக்கூடும். எண்ணுபவர் அவற்றை முதலில் நாடுவாரியாகத் திரட்ட வேண்டும்.

இவ்விதழுக்கு எழுதுவோர் சிதைந்த எழுத்துகளைப் பகர அடைப்புக்குறிக்குள் காட்டுவதுடன், பாடத்தைக் கல்லிலிருந்து படித்தனரா, கல்லின்மேல் தாள் ஒற்றி எடுத்த மைப்படியிலிருந்தா, அச்சுத் தொகுதியிலிருந்தா என்பதையும் முதல் அடிக்குறிப்பிலேயே தெரிவிக்க வேண்டும்.