‘ஆகவே’ எனும் சொல்லைக் கற்பிப்போம்!

மேடை ஒன்று. எதிரே மக்கள் வெள்ளம். பேச வந்தவர் முழங்குகிறார்: “நாட்டைக் காட்டிக் கொடுப்போர் அனைவரும் அரசைக் குறை கூறுவர். இதோ, இவர் அரசைக் குறை கூறுகிறார். ஆகவே, இவர் நாட்டைக் காட்டிக் கொடுப்பவர்!” கையொலி வானைப் பிளக்கிறது. கைதட்டியோரில் பட்டம் பெற்றவர் உண்டு. கணிதத்தில் நூற்றுக்கு நூறு வாங்கியவரும் உண்டு. அவர்களுள் ஒருவரேனும் எழுந்து, “ஐயா, காக்கைகள் எல்லாம் கருநிறம், என் குடையும் கருநிறம், ஆகவே என் குடை காக்கையோ?” என்று கேட்டாரா? இல்லை. அறிவில்லாமல் அல்ல, அப்படிக் கேட்க அவருக்கு எவரும் கற்றுக் கொடுக்கவில்லை.

கற்றுக் கொடுக்க ஒரு பாடம் இருக்கத்தான் செய்தது. மத்தியப் பாடத்திட்டத்தின் பதினோராம் வகுப்புக் கணித நூலில் பதினான்காம் அத்தியாயம் அது. கூற்று எது, அதன் மறுப்பு எது, ‘எனில்’ என்று இணைத்தால் பொருள் என்ன, மறுதலை எப்போது பொய்க்கும் என்பவற்றை மாணவனுக்குச் சொல்ல வந்த அத்தியாயம். 2022ஆம் ஆண்டு, பாடச்சுமையைக் குறைக்கிறோம் என்று சொல்லி அதனை நீக்கினர். 2024ஆம் ஆண்டுப் பொறியியல் நுழைவுத் தேர்வின் பாடத்திட்டத்திலிருந்தும் அப்பகுதி அகற்றப்பட்டது. சுமையைக் குறைப்பது நல்லதே. ஆனால், வண்டியின் பாரத்தைக் குறைக்க வந்தவர் கடையாணியையா கழற்றுவது?

தமிழ்நாட்டின் நிலை என்ன? 2019ஆம் ஆண்டு வெளிவந்த பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் பாடநூலில் தருக்கமும் மெய்மை அட்டவணையும் இடம் பெற்றன. பாராட்டுவோம். ஆனால், எந்த இடம்? பன்னிரண்டு அத்தியாயங்களுள் பன்னிரண்டாவது. ஆண்டின் கடைசியில், தேர்வு வாயிலில் வந்து நிற்கும்போது கடைசி அத்தியாயத்திற்குக் கிடைக்கும் மரியாதை எத்தகையது என்பதை ஆசிரியரும் அறிவர், மாணவரும் அறிவர். ‘மெ’, ‘பொ’ என்று நான்கு வரிகளை மனப்பாடம் செய்து, மதிப்பெண்ணைப் பெற்று, மறுநாள் மறந்துவிடும் பாடமாக அது சுருங்கிப் போகிறது.

இந்தப் பாடம் நமக்கு அந்நியமானதும் அன்று. இக்கலையைப் புதுப்பித்தோருள் ஒருவரான அகஸ்டஸ் டி மார்கன் 1806 ஜூன் 27இல் பிறந்த ஊர் எது தெரியுமா? மதுரை! கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அதிகாரியின் மகன் அவர். குழந்தைப் பருவத்திலேயே ஒரு கண்ணின் பார்வையை இழந்தவர். கேம்பிரிட்ஜில் பயின்று, மேற்பட்டம் பெற மத உறுதிமொழி தரவேண்டும் என்றபோது, “தர மாட்டேன்” என மறுத்து, அங்கே கிடைக்கக்கூடிய பதவியைத் துறந்தவர். மதச் சோதனை வைக்காத புதிய லண்டன் கல்லூரி 1828இல் அவரைப் பேராசிரியராக ஏற்றபோது அவருக்கு வயது 21. டில்லிக் கணித ஆசிரியர் இராமச்சந்திரர் எழுதிய நூலை 1859இல் லண்டனில் மறுபதிப்புச் செய்து, இந்திய அறிவை ஐரோப்பியர்முன் நிறுத்தியவரும் அவரே.

அவர் பெயரால் வழங்கும் விதிகள் மிக எளியவை. “எங்கள் ஊருக்குச் சாலையும் வந்தது, பள்ளியும் வந்தது” என்கிறார் ஒருவர். அதனைப் பொய்யென்று காட்ட இரண்டும் வரவில்லை என மெய்ப்பிக்க வேண்டுமா? வேண்டாம்; ஒன்று வரவில்லை என்றாலே போதும். “சாலையாவது பள்ளியாவது வந்தது” என்று அவர் சொல்லியிருந்தால், மறுப்பவர் இரண்டும் வரவில்லை எனக் காட்ட வேண்டும். ‘உம்’முக்கும் ‘ஆவது’க்கும் உள்ள இந்த வேறுபாட்டைத் தெரிந்த வாக்காளரை ஏமாற்றுதல் எளிதோ?

‘எனில்’ என்ற சொல்லையும் பாருங்கள். “நான் வென்றேன் எனில், பாலம் கட்டுவேன்” என்கிறார் வேட்பாளர். நடக்கக்கூடியவை நான்கு. வென்றார், கட்டினார், வாக்கு நின்றது. வென்றார், கட்டவில்லை, வாக்குப் பொய்த்தது. தோற்றார், தம் பணத்தில் கட்டினார். பொய் சொன்னவர் ஆகார். தோற்றார், கட்டவில்லை, அப்போதும் பொய் சொன்னவர் ஆகார். நான்கில் ஒன்றே பொய். மாணவன் வெறுப்போடு உருப்போடும் மெய்மை அட்டவணை முழுவதும் இந்த ஒரு பாலத்தில் அடங்கிவிடுகிறது!

செருப்புத் தைத்தவரின் மகன், பல்கலைக்கழகப் பட்டம் பெறாதவர், ஜார்ஜ் பூல். 1849இல் அயர்லாந்தின் கார்க் நகரில் பேராசிரியரானார். 1854இல் சிந்தனையின் விதிகளைக் கணிதக் குறியீடுகளில் வடித்து நூல் தந்தார். 1937இல் கிளாட் ஷானன் என்னும் 21 வயது மாணவர், பூல் வகுத்த அந்தக் கணிதத்தால் மின்சுற்றுகளை வடிவமைக்கலாம் என்று தம் ஆய்வேட்டில் காட்டினார். இன்று கையிலிருக்கும் கைபேசிக்குள் ஓடுவதும் அதே ‘உம்’, ‘ஆவது’, ‘அன்று’ என்பவைதாம். கருவியை வாங்கிக் கொண்டோம். கருவிக்குள் இருக்கும் கருத்தை வகுப்பறையிலிருந்து வெளியேற்றுகிறோம்!

எதிர்ப்போர் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. “குறியீட்டுத் தருக்கம் படித்தவர் சரியாகச் சிந்திப்பார் என்பதற்குச் சான்று எங்கே?” நேர்மையான கேள்வி, மழுப்பாமல் விடை கூறுவோம். 1966இல் பீட்டர் வேசன் என்னும் உளவியலாளர் நான்கு அட்டைகளைக் கொண்டு ஒரு சோதனையை வெளியிட்டார். ஒரு புறம் எழுத்து, மறுபுறம் எண். “உயிரெழுத்து எனில், மறுபுறம் இரட்டைப்படை எண்” என்பது விதி. விதியைச் சோதிக்க எந்த அட்டைகளைத் திருப்ப வேண்டும்? உயிரெழுத்து அட்டையையும் ஒற்றைப்படை அட்டையையும் என்பதே விடை. கற்றோருள்ளும் மிகச் சிலரே சரியாகச் சொன்னார்கள். 1982இல் வேறு ஆய்வாளர் இருவர், “பீர் அருந்துபவர் 19 வயதைக் கடந்திருக்க வேண்டும்” என்று விதியை மாற்றிக் கேட்டபோது, பெரும்பாலோர் சரியாகச் சொன்னார்கள். கணக்கு ஒன்றே, உடை மட்டும் வேறு. 1986இல் மற்றோர் ஆய்வு, ஒரு பருவம் முழுதும் தருக்கப் பாடம் கேட்ட கல்லூரி மாணவரும் இச்சோதனையில் ஏறக்குறைய முன்னேறவில்லை என்று கண்டது. ஆனால், விதியையும் எடுத்துக்காட்டையும் சேர்த்துப் பயிற்றியபோது பலன் இருந்தது என்றும் அதே ஆய்வு கண்டது.

இதிலிருந்து பெறவேண்டிய முடிவு என்ன? பாடத்தை நீக்குக என்பதா? நீச்சலைக் கரும்பலகையில் கற்பித்தால் எவரும் நீந்த மாட்டார். அதற்காக நீச்சலே வேண்டாம் என்போமா? குளத்தில் இறக்கிக் கற்பிப்போம் என்றன்றோ சொல்ல வேண்டும்!

தமிழர் இதை முன்னமே அறிந்திருந்தனர். மணிமேகலைக் காப்பியத்தின் இருபத்தொன்பதாம் காதையில், காஞ்சி மாநகரில் அறவண அடிகள் ஓர் இளம் பெண்ணுக்குக் கற்பிப்பவை யாவை? பக்கம், ஏது, திட்டாந்தம். அவற்றுள் நல்லவை எவை, போலிகள் எவை என்பன. போலிக் காரணங்களை வகைப்படுத்தி, எடுத்துக்காட்டோடு விளக்குகிறது அப்பகுதி. பெண்ணொருத்தி தருக்கம் கற்றாள் என்று பாடிய மொழியில், இன்று நம் பெண்கள் அதைக் கடைசி அத்தியாயத்தில் மனப்பாடம் செய்வது முறையோ?

அரசியல் சட்டமும் இதைக் கேட்கிறது. அறிவியல் மனப்பான்மையையும் ஆராயும் உணர்வையும் வளர்ப்பது குடிமகனின் கடமை என்று 1976ஆம் ஆண்டின் 42ஆம் திருத்தம் எழுதி வைத்தது. கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து எடுத்துப் பொதுப் பட்டியலில் வைத்ததும் அதே திருத்தந்தான். கடமையைக் குடிமகன் தலையில் வைத்தவர்கள், அக்கடமையைச் செய்யக் கற்பிக்கும் அத்தியாயத்தைக் கிழித்தெறிவது எந்தத் தருக்கம்?

நாம் கோருவன நான்கு. எட்டாம் வகுப்பிலிருந்தே குறியீடின்றி, நாளேட்டுச் செய்தியையும் விளம்பரத்தையும் மேடைப்பேச்சையும் கொண்டு தமிழிலேயே தருக்கம் பயிற்றுக. குறியீடுகளை அதன்பின் மேல்வகுப்பில் தருக. தேர்வில், குறையுள்ள வாதம் ஒன்றைக் கொடுத்து, “குறையைக் காட்டுக” என்று கேட்க. ஆசிரியர்க்கு இதற்கெனத் தனிப்பயிற்சி அளிக்க.

தருக்கம் எல்லாம் வல்லது என்று நாம் சொல்லவில்லை. முதற்கூற்றே பொய்யாயின், பிழையற்ற வாதமும் பொய்யில் சென்று முடியலாம். சாலை வந்ததா என்பதை ஊருக்குச் சென்று கண்ணால் பார்த்தே அறிய வேண்டும். ஆனால், எதைச் சென்று பார்க்க வேண்டும், எது பொய்த்தால் வாதம் முழுதும் விழும் என்று சுட்டிக் காட்டுவது தருக்கமே.

அந்த மேடை நாளையும் இருக்கும். எவரும் ஏறுவர், நம்மவரும் ஏறுவர். ‘ஆகவே’ என்று அவர் குரலை உயர்த்தும்போது, கூட்டத்தின் நடுவிலிருந்து பள்ளி மாணவி ஒருத்தி எழுந்து, “அது எப்படி, ஐயா?” என்று கேட்கட்டும். அந்தக் கேள்விக்கு அஞ்சாத கட்சியே மக்கள் கட்சி. அதைக் கற்பிக்கும் பள்ளியே மக்கள் பள்ளி!