கையெழுத்துப் போடுமுன் ஒரு வார்த்தை

சென்ற மாதம் பழவங்காடிப் பிள்ளையாருக்குச் சிதறுகாய் போட்டுவிட்டு, என் மனைவியைக் கண் பரிசோதனைக்கு அழைத்துச் சென்றேன். பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளவள். விழித்திரையைப் படம் எடுக்குமுன் ஒரு படிவத்தை நீட்டினார்கள். மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தது. நாற்பது ஆண்டு இங்கே வாழ்ந்தும் அவள் மலையாளம் பேசுவாளே தவிர, எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். "எல்லாரும் போடுறதுதானே" என்று கையெழுத்திட்டுவிட்டாள். வீட்டுக்கு வந்து நகலைப் படித்தபோதுதான், அந்தப் படங்களைச் செயற்கை நுண்ணறிவுக்குப் பயிற்சி தரவும் பயன்படுத்தலாம் என்ற வரி என் கண்ணில் பட்டது.

இது நன்மையா, தீமையா? சங்க அன்பர்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்கவே இதை எழுதுகிறேன்.

நன்மையை முதலில் சொல்கிறேன். 2016-இல் கூகுள் ஆய்வாளர்கள் 1,28,175 விழித்திரைப் படங்களைக் காட்டி, சர்க்கரையால் வரும் கண் பாதிப்பைக் கண்டறியக் கணினிக்குக் கற்பித்தார்கள். அரவிந்த் கண் மருத்துவமனை, சங்கர நேத்ராலயா போன்ற நம் மருத்துவமனைகளின் படங்களும் அவற்றில் அடக்கம். நோயாளிகளின் பெயரை நீக்கித்தான் கொடுத்தார்கள். பின்னர் அந்த முறை மதுரையிலேயே பயன்பாட்டுக்கு வந்தது. நம் நாட்டில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10.1 கோடி என்று 2023-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. இந்தக் கண் பாதிப்போ தொடக்கத்தில் எந்த அறிகுறியும் காட்டாது. அத்தனை பேரின் கண்ணையும் ஆண்டுதோறும் பார்க்கக் கண் மருத்துவர்கள் போதமாட்டார்கள்.

நான் ரயில்வேயில் பொறியாளராக இருந்தவன். விரிசல் விட்ட தண்டவாளத்தையும் நல்ல தண்டவாளத்தையும் மாறி மாறிச் சோதித்துப் பழகினால்தான் கருவி காட்டுவதைப் புரிந்துகொள்ள முடியும். கணினிக்கும் அப்படியே. யாரும் படம் தராவிட்டால் அது கற்க வழியில்லை. நம்மவர்கள் மட்டும் தராவிட்டால், நம்மவர் கண்ணைப் பார்க்கும்போதுதான் அது தடுமாறும்.

ஆனால் தண்டவாளத்துக்கு மான அவமானம் இல்லை, மனிதனுக்கு உண்டு. நோய் விவரம் வெளியே போனால் வேலை, காப்பீடு, பெண்ணின் கல்யாணப் பேச்சு வரை பாதிக்கும். பெயரை நீக்கினால் போதும் என்றும் சொல்வதற்கில்லை. விழித்திரைப் படத்தை மட்டும் வைத்தே ஒருவர் ஆணா பெண்ணா, வயது என்ன, புகைப்பவரா என்று கணினி கணிப்பதை 2018-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. சர்க்கரைக்காகக் கொடுத்த படம் நாம் சொல்லாததையும் சொல்லிவிடுகிறது. வயது, நோயின் காலம் எல்லாவற்றையும் அழித்துவிட்டாலோ ஆராய்ச்சிக்குப் பயன் குறைந்துபோகும். சிக்கல் இங்கேதான்.

நம் கேரளத்திலேயே ஒரு பாடம் உண்டு. 2020-இல் கொரோனா அவசரத்தில், கண்காணிப்பில் இருந்த மக்களின் விவரங்களைத் தொகுக்க ஸ்பிரிங்க்ளர் என்ற அமெரிக்க நிறுவனத்தோடு மாநில அரசு ஒப்பந்தம் செய்தது. வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போயிற்று. ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மறைத்த பிறகே நிறுவனத்துக்குத் தர வேண்டும், மக்களிடம் சொல்லிச் சம்மதம் பெற வேண்டும் என்று ஏப்ரல் 24-ஆம் தேதி இடைக்கால உத்தரவு வந்தது. அது கணினிப் பயிற்சிக்கான விவரம் அல்ல, பாடம் ஒன்றுதான். உயிர் காக்கும் அவசரம்கூடச் சம்மதத்தைத் தள்ளிவைக்கக் காரணமாகாது.

ஆகவே, கொடுக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. கேட்டுவிட்டுக் கொடுங்கள் என்கிறேன். பெயர் நீக்கப்படுமா? படம் யாரிடம் போகும், எதற்கு? மறுத்தால் சிகிச்சை குறையுமா? பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும், மறுத்தாலும் சிகிச்சை பாதிக்கக் கூடாது என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறை. தமிழில் கேட்பது சலுகை அல்ல, உரிமை.

நம் சங்கம் இந்தக் கேள்விகளை ஒரு தாளில் அச்சிட்டு வீடுதோறும் கொடுக்கலாம். படிக்கத் தெரிந்த பிள்ளைகள் பெரியவர்களோடு மருத்துவமனைக்குப் போகலாம்.

என் மனைவியிடம் அந்த வரியைப் படித்துக் காட்டினேன். "நாலு பேருக்குக் கண்ணு தெரியும்னா கொடுக்கட்டுமே. ஆனா என்கிட்ட முதல்லயே சொல்லியிருக்கலாமில்ல?" என்றாள். நான் இவ்வளவு எழுதியதை அவள் இரண்டே வரியில் சொல்லிவிட்டாள்.