வடித்த நீரில் ருசி

அன்பானவருக்கு இத்தாலிய இரவு உணவு சமைக்க பெங்களூர்க்காரர்கள் அதிகம் அலைய வேண்டாம். 11ஆம் நூற்றாண்டில் ஃபுளோரன்ஸ் அருகே தோன்றிய வல்லம்புரோசா சபைத் துறவிகள் மொசரெல்லா சீஸை இங்கேயே தயாரிக்கிறார்கள். பேசில் இலை வேறொன்றுமல்ல, நம் திருநீற்றுப்பச்சிலைதான், கன்னடத்தில் காமகஸ்தூரி.

ஆலிவ் எண்ணெயில் 4 பல் பூண்டு, அரைக் கிலோ பழுத்த தக்காளி 15 நிமிடம் வதங்கட்டும். இருவருக்கு 200 கிராம் ஸ்பகெட்டியை 2 லிட்டர் உப்புநீரில் வேகவைத்து, குழையுமுன் எடுத்துத் தக்காளியில் புரட்ட வேண்டும். சூட்சுமம் வடித்த நீரில் இருக்கிறது: ஒரு கரண்டி சேர்த்தால், அதிலுள்ள மாவுச்சத்து எண்ணெயையும் தக்காளியையும் பிணைக்கும். மேலே சீஸ், இலை. மசாலா டப்பா மூடியே இருக்கட்டும்.

ஆறினால் ருசி போய்விடும். பெங்களூர் போக்குவரத்தை நம்பாமல், அவர் வீடு வந்த பிறகே ஸ்பகெட்டியை நீரில் போடுவது உத்தமம்.